எருமைக்கு முகமூடி தெரிதல்: இறக்காமத்தை முன்வைத்து ஓர் ஒப்பாய்வு

இலையான்முகமூடி என்பது குதிரையின் கண்ணையும் கன்னத்தையும் இலையானிடமிருந்து காக்க மாட்டிவிடும் வலைத்துணி. குதிரைக்கு வெளியே தெரியும்; இலையானுக்கு உள்ளே வழியிராது. இலங்கையில் குதிரை பார்க்க நுவரெலியாப் பந்தயத்திடலுக்குப் போகலாம், அல்லது கட்டாக்காலியாகத் திரியும் குதிரைகளுக்காக நெடுந்தீவுக்குப் படகேறலாம். அம்பாறை மாவட்டத்து இறக்காமத்தில் குதிரை வளர்க்கும் வழக்கம் இல்லை. இலையானுக்குக் குறைவில்லை. ஆய்வுப் பொருளில் பாதி கைவசம் இருக்கையில் மறுபாதி கிடைக்கவில்லை என்று ஆய்வைக் கைவிடுவது அறிவுலக மரபன்று. ஆகவே குதிரையின் இடத்தில் இங்கு எருமை நிறுத்தப்படுகிறது. எருமை ஆட்சேபிக்கவில்லை.

தமிழகத்தார் ஈ என்பதையே இலங்கையில் இலையான் என்பர். விலங்கை நாடுவனவற்றுள் வீட்டு இலையான் கடிக்காது. அதன் வாய் பஞ்சுபோல ஒற்றி உறிஞ்சுவது. கண்ணீரும் மூக்குச் சளியும் அதற்குப் போதும். அதன் உருவத்தையே ஒத்த தொழுவ இலையானுக்கோ வாய் ஊசி. ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி இரத்தம் குடிக்கும். பெரும்பாலும் காலில்தான் உட்காரும். மூன்றாவது மாட்டிலையான். இதில் பெண் மட்டுமே தோலைக் கீறி இரத்தத்தை நக்கும். ஆண் பூந்தேன் குடித்துவிட்டு ஒதுங்கிவிடும்.

மாட்டிலையான் விடயத்தில் எருமையின் நிலை பரிதாபமானது. ஹங்கேரியின் காபோர் ஹோர்வாத் குழுவினர் வெள்ளைக் குதிரையை மாட்டிலையான் குறைவாக நாடுவதன் காரணத்தைக் கண்டறிந்து, 2016இல் இக் நோபல் பரிசு பெற்றனர். கருமையான பளபளப்புப் பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி ஒரே தளத்தில் அதிரும். அதைத்தான் பூச்சி தேடி வருகிறது. ஜப்பானில் கறுப்புப் பசுக்களுக்கு வரிக்குதிரைபோல வெள்ளைக் கோடு தீட்டிப் பார்த்தார்கள். கடிக்கும் இலையான் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 2019இல் வெளியான அந்த ஆய்வுக்கும் 2025இல் அதே பரிசு கிடைத்தது. இந்த இலக்கணத்தின்படி, குளத்தை விட்டு நனைந்து மினுங்கி வெளியேறும் எருமையைவிடப் பொருத்தமான விருந்துமேசை மாட்டிலையானுக்கு அமைவது கடினம்.

முகமூடி வாங்குவோர் பார்க்க வேண்டியவை சில உண்டு. வலை கண்ணிமையில் உரசக்கூடாது. அதற்காகக் கண்ணின் மேல் துணியைக் குவித்துத் தைத்திருப்பார்கள். தாடைக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு விரல் நுழைய இடம் வேண்டும். பட்டி இறுகினால் தோல் உரியும், தளர்ந்தால் இலையான் உள்ளே புகுந்து வெளியேற வழியின்றிச் சுற்றும். இரண்டாவது கேடு முகமூடி இல்லாமலிருப்பதைவிட மோசம். பட்டி வெல்க்ரோவாக இருப்பது நல்லது. வேலியில் மாட்டினால் முகமூடி கழன்றுவிடும், கழுத்து தப்பும். காது மூடியும் மூக்கு மூடியும் மேலதிகம். இளஞ்சிவப்பு மூக்குடைய குதிரை வெயிலில் வெந்துபோகும் என்பதால் மூக்கு மூடி. எருமைக்கு அந்தச் செலவு மிச்சம்.

எருமை மேய்க்கும் பையனிடம் இந்த அளவுகோல்களைச் சொன்னால், "இதுக்குச் சேறு இருக்கே, காக்கா" என்பான். விடை சுருக்கமாயினும் நுணுகத்தக்கது. எருமைக்கு வியர்வைச் சுரப்பி குறைவு. சூட்டைத் தணிக்கத்தான் அது நீரிலும் சேற்றிலும் கிடக்கிறது. முகமூடி அதில் இனாம். குளக்கரைச் சேறு கொம்படியிலும் நெற்றியிலும் கன்னத்திலும் அப்பி, வெயிலில் சாம்பல் நிறமாக உலர்ந்து, தகடாக வெடிக்கும். அப்போது பளபளப்பும் போய்விடும், மாட்டிலையானின் வாய்க்கு எட்டாத தடிப்பும் வந்துவிடும். அளவெடுக்க வேண்டியதில்லை. இறுக்கம் என்றும் தளர்வு என்றும் முறைப்பாடு வராது. வேலியில் உரசினால் தானாக உதிரும். துவைக்கும் கேள்வியோ எழவே எழாது, ஏனெனில் அழுக்குத்தான் சரக்கு. குதிரையின் முகமூடியை உரியவன் தெரிகிறான்; எருமை தன்னுடையதைத் தானே தெரிந்து, விருப்பமான ஆழத்தில் இறங்கி, தினமும் புதிதாக அணிகிறது.

இதற்கு உண்ணிக்கொக்கு என்றொரு உபகரணமும் சேரும். முதுகில் ஏறி நின்று, காதோரம் எட்டிக் கொத்தும். கொக்கு இல்லாதபோது காதும் வாலும் அந்த வேலையைப் பார்க்கின்றன. வால் முகத்துக்கு எட்டுவதில்லை என்பது மட்டுமே அதன் வடிவமைப்புப் பிழை.

இங்கு முறையாக மூடி போடப்படும் எருமைப் பொருள் தயிர் மட்டுமே. சட்டியின் வாயில் கடதாசி வைத்து நூலால் சுற்றிக் கட்டுவார்கள். கண்ணிமைக்கு இடம் விடும் கவலை அங்கு இல்லை.

சேற்றின் பெருங்குறை கண். எருமை எவ்வளவு ஆழத்தில் கிடந்தாலும் கண்ணையும் மூக்குத்துளையையும் வெளியே வைத்துக்கொள்ளும். ஆகவே முகமூடி காக்க வேண்டிய இடமே திறந்து கிடக்கிறது. கண்ணோரத்தில் நீர் வழிந்து கன்னத்துச் சேற்றில் கறுத்த கோடு விழும். அந்தக் கோட்டின் இரு கரையிலும் வீட்டு இலையான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். கண்ணீர் குடிக்கும் இலையான் கண்புழுவையும் ஒரு கண்ணிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுபோகும். கண் சிவந்து, பூளை கட்டி, வெளிச்சத்துக்கு இமை மூடினால் அது முகமூடியின் எல்லைக்கு அப்பாற்பட்டது; மிருக வைத்தியரைக் கூப்பிட வேண்டும். குதிரைக்கும் இதுவே விதி. அதனால்தான் முகமூடியை நாளுக்கு ஒருமுறையாவது கழற்றிக் கண்ணைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

இரண்டாவது குறை பருவம். குளம் வற்றிக் கரை கட்டிதட்டும் மாதங்களில் சேற்றுச் சரக்கு தீர்ந்துபோகும். அப்போது மாட்டுக்காலையில் அந்தியில் பொச்சுமட்டையைக் கொளுத்தி, மேலே பச்சைக் குழை போட்டு மூட்டம் வைப்பதே வழி. புகை காற்று வீசும் பக்கம் சாயும். எருமைகள் எழுந்து அந்தப் பக்கமாக நகர்ந்து, புகைக்குள் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்ளும். காற்றுத் திசை மாறினால் மறுபடி எழும். நுளம்புக்குப் பயந்து பட்டிக்காரரும் அதே பக்கம் பாயை இழுத்துப் போட்டுக்கொள்வார்.