மான் ஸ்ட்யூவில் கேரட்டின் நிலை: ஓர் ஆராய்ச்சி

மான் இறைச்சியைக் காய்கறியோடு மெல்ல வேகவைத்து இரவுச் சாப்பாட்டுக்குப் பரிமாறுவது ஸ்காட்லாந்து மலைநாட்டு வீடுகளில் குளிர்கால வழக்கம். அந்த விருந்தின் புகழெல்லாம் மானுக்கே போகிறது. சமைத்தவரைப் புகழ்வாரும் உளர். உடன் வைத்த வைனைப் புகழ்வாரும் உளர். மான் மேய்ந்த மலையைப் புகழ்வாரும் உளர். கேரட்டைப் புகழ்ந்தார் என்று ஒருவரையும் கேட்டோமில்லை. அக்குறை நீக்குதற்கே இவ்வாராய்ச்சி எழுந்தது என்க.

முதற்கண் எல்லை வகுப்பாம். ஈண்டு மான் என்றது ஸ்காட்லாந்தின் செம்மானை. ஓநாய்கள் அற்றுப்போன அம்மலைகளில் அது கட்டின்றிப் பெருகி, மரக்கன்றுகளைத் தலையெடுக்கவிடாமல் மேய்ந்துவிடுவதால், ஆண்டுதோறும் சட்டப்படி சுட்டு எண்ணிக்கையைக் குறைக்கிறார்கள். அந்த இறைச்சி கடையில் பொட்டலமாகக் கிடைக்கும். கிண்டிப் பூங்காவில் புள்ளிமானைப் பார்த்துத் திரும்பிய வாசகர் எவரும் இக்கட்டுரையைச் செய்முறைக் குறிப்பாகக் கொள்ளற்க. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு உரை சொல்லக் காத்திருக்கிறது. அவ்வுரையை நின்றுகொண்டே கேட்க வேண்டியிருக்கும்.

இனி, சான்றோர் சான்று. நாட்குறிப்பால் பெயர்பெற்ற லண்டன்காரர் சாமுவேல் பீப்ஸ் 1660 சனவரியில் உறவினர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார். மாவுறைக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட பேஸ்டி வந்தது. மான் என்றார்கள். உள்ளே இருந்தது மாடு என்பது அப்பட்டமாகத் தெரிந்ததாம்; அன்றைய குறிப்பிலேயே எழுதி வைத்துவிட்டார். இதனால் பெறப்படுவது யாதெனின், மான் வராத விருந்திலும் பேச்சு மானைப் பற்றியதே என்பது. அப்பதிவில் காய்கறி குறித்து ஒரு சொல் கிடையாது. காய்கறி வந்ததா, வந்ததும் சொன்ன காய்கறிதானா என்று 360 ஆண்டுகளுக்கு மேலாக எவரும் கேட்டதாகவும் தெரியவில்லை.

ஓவியச் சான்றும் இதற்கு அரண் செய்யும். எட்வின் லாண்ட்சியர் 1851 வாக்கில் தீட்டிய ‘மோனார்க் ஆஃப் த கிளென்’ என்ற செம்மான் படத்தை விஸ்கி விளம்பரங்களில் பலரும் கண்டிருக்கலாம். பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையின் சிற்றுண்டி அறையில் மாட்டுவதற்கென்றே அது முதலில் கேட்கப்பட்டது. ஆக, சாப்பிடும் இடத்துக்கான ஓவியம். அதில் மலை உண்டு, மூடுபனி உண்டு, புல் உண்டு, கேரட் இல்லை. 150 பவுண்டு தர மக்கள் சபை மறுத்ததால் படம் அங்கே போகாமல் நின்றது என்பர் வரலாற்றார். மறுப்புக்குக் காரணம் கேரட் இன்மையே என்பது எமது துணிபு.

இனி அடுப்புக்கு வருவோம். நூற்பா:

முன்னிட்டது கரையும், பின்னிட்டது விறைக்கும்.

இயற்றியவர் பெயரைச் சொல்வது தற்புகழ்ச்சியாய் முடியும். உரை வருமாறு. மானின் தோள், கழுத்து, கால் ஆகியவை ஓயாமல் உழைத்த தசைகள். சவ்வும் நாரும் மிக்கவை. அவற்றிலுள்ள கொலாஜன் ஏறத்தாழ 70 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் மெல்ல இளகி ஜெலட்டினாக மாறும். அதற்கு இரண்டிலிருந்து மூன்று மணி நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தினால் செருப்புத் தோல். கேரட்டின் செல்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டினோ 85 டிகிரி வாக்கில் பிடியைத் தளர்த்தத் தொடங்கிவிடும். முக்கால் மணி நேரம் அதற்குத் தாராளம். ஒரே பானை, ஒரே மூடி, இருவேறு கடிகாரம். (முதுகுத் தசை இவ்விவாதத்துக்குள் வராது. அதை வாணலியில் இரண்டு பக்கமும் வாட்டி, உள்ளே சிவப்பாக இருக்கையிலேயே எடுத்துவிடுவார்கள். ஸ்ட்யூவில் போடுவது பணத்தை வேகவைப்பதாகும்.)

இங்கேதான் வடகலை தென்கலை போல உலகம் இரண்டாகப் பிரிகிறது. முற்கேரட்டர் இறைச்சியோடு சேர்த்துப் போட்டுவிடுவார்கள். கேரட் குழைந்து குழம்போடு கலந்தாலும் அதன் இனிப்பு எங்கும் போய்விடாது என்பது அவர் கொள்கை. வடிவம் மாயை, சுவையே மெய் என்று சித்தாந்தமும் பேசுவர். பிற்கேரட்டர் கடைசி முக்கால் மணியில் போடுவர். கண்ணுக்குத் தெரியாத காய்கறியை விருந்தாளிக்குப் படைத்ததாக எப்படிச் சொல்வது என்பது அவர் கேள்வி.

பானையில் ஊற்றும் சிவப்பு வைனின் புளிப்பு கேரட்டைக் கரையாமல் காக்குமே என்று முற்கேரட்டர் ஒரு தடை எழுப்புவர். அதில் பாதி உண்மை. புளியை முந்தி ஊற்றினால் காய் வேகாது என்று நம் அடுப்பங்கரைகள் வழிவழியாக அறிந்து வைத்திருப்பதும் இதே நியாயம்தான். புளிப்பில் பெக்டின் எளிதில் கரையாது. ஆயினும் மூன்று மணி நேரத்துக்கு அந்தக் காவல் தாங்காது. ஆகவே தடை தள்ளுபடி.

இருவரையும் மறுத்துத் தேர்ந்த சமையற்காரர் மூன்றாம் நெறி கண்டனர்: கேரட்டை இரு அணியாகப் பிரிப்பது. முதல் அணியை வெங்காயம், செலரியோடு பொடியாக நறுக்கி, இறைச்சியைச் சிவக்க வறுத்தெடுத்த அதே கொழுப்பில் வதக்குவார்கள். மானில் சொந்தக் கொழுப்பு மிகக் குறைவாதலின் அதுவும் பன்றியிடம் கடன் வாங்கியதாக இருக்கும். வைன், எலும்புச் சாறு, பிரிஞ்சி இலை, நசுக்கிய ஜூனிப்பர் பழம் எல்லாம் சேர, மூடிய பானை 150 டிகிரி ஓவனுக்குள் போகும். இவ்வணி கரைந்து மறையவே பிறந்தது. சில வீடுகளில் வடிகட்டி எறிந்தும்விடுவர். இரண்டாம் அணி பெரிய துண்டுகளாக, நீப் எனப்படும் மஞ்சள் டர்னிப்போடு, கடைசியில் உள்ளே நுழைந்து தட்டில் பளபளப்பாகத் தோன்றும். இறைச்சிக்கு இனிப்பு தந்தது முன்னது. பார்க்க அழகாயிருக்கிறது என்ற பேரை வாங்கியது பின்னது. இனிப்பு ரோவன் பழ ஜெல்லியிலிருந்து வந்தது என்று பக்கத்திலிருப்பவர் சொன்னால் முன்னதற்கு உரிய பேரும் பறிபோகும். அலுவலகத்தில் பணிபுரிந்தோர்க்கு இதற்கு மேல் உரை வேண்டா.

எஞ்சிய ஐயம் ஒன்று. ஸ்ட்யூ மறுநாள்தான் ருசி என்பது உலக வழக்கு. குளிர்ந்து இறுகியதை மீண்டும் சூடாக்கிக் கிளறும்போது இரண்டாம் அணியும் உடைந்து குழைந்துவிடும். இறைச்சியும் நார்நாராகப் பிரியும். மேலே மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பி ஓவனுக்குள் தள்ளிவிட்டால் முற்கேரட்டர்க்கும் பிற்கேரட்டர்க்கும் வழக்கே கிடையாது. உருளைக்கிழங்கின் நிலை குறித்து வேறோர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருக்கிறது.