கயாக்கில் கத்தி கட்டிச் செல்வது எப்படி

முதலில் கத்தியை வாங்குங்கள். நீச்சல், துடுப்பு போடுவது, கவிழ்ந்தால் வெளியே வருவது எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். லைஃப் ஜாக்கெட்டின் மேல் ஒரு கத்தி துருத்திக்கொண்டிருந்தால் போதும், முட்டுக்காட்டுக் கரையில் நிற்கிற நாலு பேர் பெரிய ஆள் போலிருக்கிறது என்று வழிவிடுவார்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் வருஷம் என் கத்தி வெட்டியவை: கொய்யா, பிஸ்கட் பாக்கெட், ஒரு தடவை என் கட்டைவிரல்.

கடைக்காரர் காட்டும் கத்தி முனை மொட்டையாக இருக்கும். ஒடிந்த சரக்கைத் தலையில் கட்டுகிறார் என்று சண்டை போடுங்கள், நானும் போட்டேன். கூர்முனையே வேண்டும் என்றால் தாராளமாக வாங்கலாம். அலையில் படகு ஆடும்போது அது உங்கள் தொடையில் இறங்கும், காற்றடைத்த படகானால் அதையும் ஒரு கை பார்க்கும். அலகு 3 அங்குலம் இருந்தாலே கயிறு அறுக்கப் போதும். பட்டாக்கத்தி ஆசையில் 9 அங்குலத்தைத் தாண்டினால் ஆயுதச் சட்டமும் உங்களோடு படகில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

பாதி அலகுக்காவது பல் வேண்டும். கருக்கரிவாளால் கதிர் அறுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நனைந்த நைலான் கயிறு வழவழ அலகில் வழுக்கி ஓடும், பல் அதைப் பிடித்து நிறுத்தும். விறைத்து நிற்கிற கயிறு என்றால் தொட்டதுமே தெறித்துவிடும். தொய்ந்த கயிறுதான் உயிரை வாங்கும். வீட்டில் பழகிப் பாருங்கள், ஆனால் துணி காயும் கொடியில் வேண்டாம். இரண்டு புடவையும் ஒரு போர்வையும் மண்ணில் விழுந்த அன்று, விறைத்த கயிற்றைப் பற்றி மட்டும் அல்ல, என்னைப் பற்றியும் நிறையத் தெரிந்துகொண்டேன்.

ஸ்டெயின்லெஸ் என்று பொறித்திருப்பதை நம்பி, உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட உறையோடு கார் டிக்கியில் போட்டுவிடுங்கள். அடுத்த ஞாயிறு கத்தியும் உறையும் பிரிக்க முடியாத தம்பதி ஆகியிருக்கும். கார்பனைக் குறைத்து நைட்ரஜன் சேர்த்த எச்1 எஃகு துருவுக்கு அசையாது. அதன் விலையைக் கேட்டால் நாம்தான் அசைந்துபோவோம். நல்ல தண்ணீரில் அலசித் துடைப்பது இலவசம்.

எங்கே வைப்பது? பின்பக்கப் பெட்டியில், சோற்று டப்பாவுக்கு அடியில் வைத்தால் மிகவும் பத்திரம். யாராலும் எடுக்க முடியாது, உங்களாலும். மடக்குக்கத்தி வைத்திருப்பவர்கள் தண்ணீருக்குள் தலைகீழாக, ஈர விரலால், ஒரே கையில் அதைத் திறந்து பார்க்கட்டும். சிலர் கத்திக்கு ஒரு கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். கயிற்றில் சிக்கினால் அறுக்க வாங்கிய கத்திக்கே ஒரு கயிறு! சொல்லப்போனால், நாம் சிக்குகிற கயிறு பாதி நாமே கொண்டுபோவதுதான். தண்ணீர் பாட்டிலுக்கு ஒன்று, செல்போனுக்கு ஒன்று, துடுப்புக்கு ஒன்று, எதற்கும் இருக்கட்டும் என்று ஒன்று.

லைஃப் ஜாக்கெட்டின் தோள் பக்கம் பன்றி மூக்கு மாதிரி இரண்டு துளையோடு ஒரு பிளாஸ்டிக் துண்டு தைத்திருப்பார்கள். ரொம்ப நாள் அதை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். உறையை அங்கே மாட்டினால் எந்தக் கைக்கும் எட்டும். மாட்டியபின் ஜாக்கெட்டைக் கவிழ்த்துப் பிடித்து உதறுங்கள். கத்தி விழுந்தால் உறை சரியில்லை. உருவ இரண்டு கையும் பல்லும் தேவைப்பட்டாலும் சரியில்லை. கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் உருவ வருகிறதா என்றும் பாருங்கள். இதை வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் செய்வது உத்தமம்.

போன மாசியில் என் கயாக்கின் சுக்கான் ஒரு வலையில் மாட்டியது. இதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தோம் என்று கத்தியை உருவினேன்.

“தம்பி! கத்திய உள்ள வை! வல என்ன வெல தெரியுமா?”

ஃபைபர் படகில் வந்த பெரியவர் குனிந்து, சுக்கானை இரண்டு விரலால் தூக்கி, ஒரு கண்ணியை மட்டும் தள்ளிவிட்டார். அவ்வளவுதான், படகு விடுபட்டது. அவரிடமும் கத்தி இருந்தது. உடைந்த ஹேக்ஸா பிளேடைத் தேய்த்து, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றியது. பலகைக்கு அடியில் கை போன வேகத்தில் திரும்பி வந்தது. வலையில் சிக்கிக் கிடந்த சாக்குத் துண்டை அறுத்துப் போட்டது. மறுபடி பலகைக்கு அடியில் போய்விட்டது. அவர் அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

பிறகு என் கத்தியைக் கேட்டு வாங்கினார். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். விலையைச் சொன்னேன்.

“மொன ஒடிஞ்சத போயா தம்பி இந்த வெலைக்கு வாங்குன?”