முனகுற வேனுக்கு எலுமிச்சம்பழம்

வாங்க சின்னத்தொரை, வாங்க. நீங்க எட்டியாந்தோட்டையில திரும்பையிலேயே இங்க லயத்துக்குக் கேட்டுச்சு. ஹோர்ன் அடிக்கிற வேலை மிச்சம். ஒவ்வொரு வளைவுலயும் வேன் முனகுதேன்னுதானே முன்னால ரெண்டு எலுமிச்சம்பழம் கட்டியிருக்கீங்க? நல்ல காரியம். காயறதுக்குள்ள ஒண்ணை அவுத்துக் குடுங்க, பிழிஞ்சு குடிக்கிறேன்.

கராஜ் பாஸ் என்ன சொன்னாரு, பவர் ஸ்டேரிங் பம்பு போச்சாமா? அவரு வாயில எப்பவும் பெரிய சாமான்தான் வரும். சின்னதுல அவருக்கு என்ன கெடைக்கும்? நீயும் ஒடனே கடன் கேக்கக் கெளம்பிட்டே. வேற வண்டி பாக்கலாம்னா, 2020ல வண்டி எறக்குமதிய நிப்பாட்டுனவங்க, 2025 பெப்ரவரியிலதான் நம்மள மாதிரி ஆளுங்க வண்டிக்குக் கதவைத் தொறந்தாங்க. தொறந்து என்ன, வெலையைக் கேட்டா நெஞ்சு அடைக்குது. இந்தக் கெழட்டு டொல்பின் வேன்தான் ஒனக்குச் சோறு போடுது, அதோட பம்பை அவசரப்பட்டுக் கழட்டாதே.

மொதல்ல அந்தப் பவர் ஸ்டேரிங் ஒயில் டப்பா மூடியத் தொற. செவப்பா இருக்க வேண்டிய ஒயில் வெளிறி, நுரை தள்ளி நிக்குதா? உள்ள காத்துப் பூந்திருக்கு. ஒயிலை அமுக்குனா அமுங்காது. அதனாலதான் பம்பு தள்ளுற தள்ளு சக்கரத்துக்குப் போய்ச் சேருது. காத்து அமுங்கிக் குடுத்துரும். ஸ்டேரிங் ஒருதரம் லேசா, ஒருதரம் கனமா வர்றதும், அந்த முனகலும் அதனாலதான்.

ஏர் எடுக்கிறது பெரிய வித்தை இல்ல. ஆனா ஒனக்குச் சரிப்படாது, மெதுவாச் செய்யணும். மொதல்ல எஞ்சினை நிப்பாட்டு. ஹேன்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல்லு வச்சு, முன்பக்கத்தை ஜெக்குல தூக்கி ஸ்டேன்ட் குடு. ஜெக்கை மட்டும் நம்பி கீழ பூந்துறாதே, ஒனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. டப்பாவுல கோடு வரைக்கும் ஒயிலை ஊத்தி, ஸ்டேரிங்கை, முழுசா முட்டுற இந்தப் புல் கட்டுல இருந்து அந்தப் புல் கட்டுக்குப் பையப் பையத் திருப்பு. பத்து, இருவது தரம். கொமிழி மேல வரும், ஒயில் கீழ எறங்கும். எறங்க எறங்க ஊத்திக்கிட்டே இரு. போனைப் பாத்துக்கிட்டு டப்பாவைக் காய விட்டியோ, எடுத்த காத்தெல்லாம் திரும்ப உள்ள போயிரும்.

கொமிழி நின்னப்பொறகு ஸ்டார்ட் பண்ணி, எக்ஸலேட்டரைத் தொடாம, அதே மாதிரி திருப்பு. புல் கட்டுல அஞ்சு செக்கனுக்கு மேல புடிச்சு நிக்காதே. ஒயில் சூடேறி பம்பு கதறும். பெறகு எஞ்சினை நிப்பாட்டிட்டு டப்பாவைப் பாரு. ஒயில் மட்டம் தானா ஒசந்தா சந்தோசப்படாதே, ஒயில் குட்டி போடல. அஞ்சு மில்லிமீட்டருக்கு மேல ஒசந்தா இன்னும் காத்து இருக்கு. நுரை அடங்க வண்டியச் சும்மா விட்டுட்டு வா, வெத்தில போடுவோம்.

ஒயில் என்னன்னு மூடியிலயே எழுதியிருப்பான், படிச்சவன்தானே நீ. கையில கெடச்ச பிரேக் ஒயிலை ஊத்துனா றப்பர் சீல் ஊதிப் போகும். றப்பர்த் தோட்டத்துல பொறந்தவனுக்கு இதையும் நான் சொல்லணுமா?

ஆமா, காத்து உள்ள எப்படிப் போச்சுன்னு கேக்கவே இல்லையே நீ? டப்பாவுல இருந்து பம்புக்குப் போற ஹோஸைத் தடவிப் பாரு. வெறைச்சுப் போயிருக்கும், இல்லாட்டி கிளிப் லூசா இருக்கும். அந்தப் பக்கம் பம்பு உறிஞ்சுற பக்கம். வெளிய ஒரு சொட்டுக்கூட ஒழுகாம, உள்ள காத்து போய்க்கிட்டே இருக்கும். அதை மாத்தாம ஏர் எடுத்தா நாளைக்கும் வருவே, நாளன்னைக்கும் வருவே. வா, எனக்கும் பேச்சுக்கு ஆளு வேணும்.

நாங்க கொழுந்து ஏத்திக்கிட்டு பெட்போர்ட் லொறி ஓட்டுன காலத்துல பவரெல்லாம் தோள்பட்டையிலதான். 1951லயே அமெரிக்காவுல கிரைஸ்லர்காரன் காருக்குப் பவர் ஸ்டேரிங் வச்சு வித்துட்டானாம். தொரை எங்கக்கிட்ட மூச்சு விடல.

ஒன் மச்சான் வேகன் ஆர் வாங்குனானே, அவனும் ஏர் எடுக்கணும்னு வந்து நின்னான். மொதல்ல ஒயில் டப்பாவைக் கண்டுபுடின்னு சொல்லிட்டு உக்காந்துட்டேன். பொனட்டுக்குள்ள தலைய விட்டு, கீழ படுத்து, உருண்டு, பொழுது சாயுற வரைக்கும் தேடுனான். அந்த வண்டியில ஸ்டேரிங்குக்குக் கரண்ட் மோட்டர்தான், ஒயிலே கெடையாது. அதை அவன் டீ வாங்கிக் குடுத்தப்பொறகுதான் சொன்னேன்.