கொடிக்கு சல்யூட், அட்வான்ஸுக்கு நாமம்

அமெரிக்காவில் ராணுவ முகாமை ஒட்டிய ஊர்களில் வீடு வாடகைக்கு விடுகிறவர்களைப் போன்ற தேசபக்தர்களை வேறெங்கும் பார்க்க முடியாது. வர்ஜினியாவின் நார்ஃபோக்கில் இருப்பது உலகிலேயே பெரிய கடற்படைத் தளம். சுற்றிலும் அடுக்ககங்கள். வாசலில் கொடி, 'படைவீரருக்கு முதல் மாத வாடகை இலவசம்' என்று பலகை. ஆபீஸில் இருப்பவர் எழுந்து நின்று கைகுலுக்கி, சேவைக்கு நன்றி என்பார். இருபத்திரண்டு வயது மாலுமி உருகிப்போய் ஓராண்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவான்.

ஆறாம் மாதம் மேலிடத்து உத்தரவு வரும்: சான் டியாகோவுக்குப் போ, இல்லையென்றால் ஜப்பானில் யோகோசுகாவுக்குப் போ. அன்றோடு தேசபக்தி விடுப்பில் போய்விடும். பாதியில் காலி செய்வதற்கு இரண்டு மாத வாடகை அபராதமாம். அட்வான்ஸ் திரும்பாதாம். இலவசமாகக் கொடுத்த அந்த முதல் மாதத்துக்கும் இப்போது பில் போட்டிருக்கிறார்களாம்.

சட்டம் இல்லாமலா? இருக்கிறது. 1940ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி எழுதி 2003இல் கொண்டுவந்த படைவீரர் நிவாரணச் சட்டம். நிரந்தர இடமாற்றமோ 90 நாளுக்குக் குறையாத களப்பணியோ வந்தால், உத்தரவின் நகலை இணைத்து எழுதிக் கொடுத்தால் போதும்; அடுத்த வாடகைத் தேதியிலிருந்து 30 நாளில் ஒப்பந்தம் முடிந்தது. அபராதம் கிடையாது. தெரிந்தே அட்வான்ஸைப் பிடித்து வைத்தால் ஓராண்டு வரை சிறை. இதில் வீட்டுக்காரர் தெருவுக்கு வந்துவிடவும் மாட்டார். ஜூன் 2ஆம் தேதி நோட்டீஸ் கொடுத்தவன் ஜூலை 31 வரை வாடகை கட்டுகிறான். ஏறத்தாழ இரண்டு மாதம்! அதுவும் போதவில்லை என்கிறது தேசபக்தி.

ஆகவே மைல் கணக்கு ஆரம்பமாகும். புது முகாம் 35 மைலுக்கு அப்பால் இருக்கிறதா என்பார்கள். அது வர்ஜினியா மாநிலச் சட்டத்தின் கணக்கு. கூட்டரசுச் சட்டத்தில் மைலே கிடையாது. மாலுமிக்கு அது எங்கே தெரியப்போகிறது? அடுத்தது, உரிமையை விட்டுக்கொடுக்கும் தாள். அதைத் தனித் தாளில், 12 புள்ளிக்குக் குறையாத எழுத்தில் அச்சிட வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. என்ன கரிசனம் பாருங்கள்! பையனின் கழுத்தை அறுக்கலாம். அவன் கண் மட்டும் நோகக் கூடாது.

இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. வீரன் போருக்குப் புறப்பட்டால் ஒப்பந்தம் முடியும், போரில் செத்தால்? அவன் மனைவி ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள அந்தச் சட்டத்தில் தெளிவான வழி 2018 டிசம்பர் கடைசி நாளில்தான் எழுதப்பட்டது. 2003இலிருந்து பதினைந்து ஆண்டுகள், ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலுமிருந்து சவப்பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன. நாடாளுமன்றத்துக்கு இது உறைக்கவில்லை. சாவுக்கு மேலிட உத்தரவு நகல் யாரும் அடித்துத் தருவதில்லை அல்லவா!

சரி, மாலுமி பணம் கட்டாமல் கப்பலேறிவிட்டான் என்று வையுங்கள். வீட்டுக்காரர் கோர்ட்டுக்குப் போவார். பிரதிவாதி ஆஜராகாத வழக்கில், அவர் படைவீரரா இல்லையா என்று பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தாக வேண்டும். வீடு கேட்டு வந்த அன்றே அவனுடைய ராணுவச் சம்பளச் சீட்டை வாங்கி ஃபைலில் வைத்தவர்கள், 'இல்லை' என்று சத்தியம் செய்கிறார்கள். சந்தேகம் இருந்தால் பாதுகாப்புத் துறையின் இணையதளத்தில் காசில்லாமல் சரிபார்த்திருக்கலாம். சந்தேகம் இருந்தால்தானே! எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு கைக்கு வந்துவிடும். வர்ஜினியாவில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள்மீது தீர்ப்பு வாங்கிய ஒரு நிறுவனம், நீதித்துறை வழக்குப் போட்ட பிறகுதான் 2019இல் இழப்பீடு தர ஒப்புக்கொண்டது.

நீதித்துறையின் கண்ணில் படாதவன் கதி? பாக்கி அவன் கடன் வரலாற்றில் ஏறும். பாக்கி இருந்தால் ரகசியப் பணிக்கான பாதுகாப்பு அனுமதிக்கே ஆபத்து. அனுமதி போனால் வேலையும் ஆடும். வீட்டுக்காரருக்கும் இது நன்றாகத் தெரியும். வாதாட நேரமில்லாத அந்தப் பையன், தராமல் இருந்தாலும் சட்டப்படி தப்பில்லாத பணத்தை, நடுக்கடலில் இருந்தபடி கட்டித் தொலைக்கிறான். அவனை நாணயமானவனா என்று விசாரிக்க அரசாங்கத்தில் ஆள் இருக்கிறது. பொய்ச் சத்தியம் செய்த கம்பெனியை அந்த விசாரணைக்கு யாரும் அழைப்பதில்லை.