கோடீஸ்வர மருமகனுக்கு

மருமகன், இதில கொஞ்சம் குந்துங்க. ஏசப் போறன் எண்டு பயப்படாதீங்க. ஏசுறதுக்கு உங்கட அப்பா இருக்கார். நான் புகழத்தான் கூப்பிட்டன். வரி எண்ட சொல் காதில விழுந்தாலே நம்மட ஆக்கள் சந்தனமடு ஆத்தைக் கடந்து ஈரளக்குளத்துப் பக்கம் மாடு பாக்கப் போயிருவாங்க. நீங்க அப்படி இல்ல. லொத்தர்க்காரர் சந்தியில வண்டியை நிப்பாட்ட முதலே காசோட நிக்கிறீங்க. நோட்டீஸ் இல்ல, வழக்கு இல்ல, தண்டப்பணம் இல்ல. சிரிச்ச முகத்தோட அரசாங்கத்துக்குக் காசு கட்டுற ஒரேயொரு ஆளை இந்தச் சித்தாண்டியில நான் கண்டது உங்களத்தான். அதுக்கு மாலை போட வேணும். மாலைக்குக் காசில்ல, வெத்திலை போடுங்க.

"நான் எங்க மாமா வரி கட்டினன், டிக்கெட் தானே எடுத்தன்" எண்டு கேக்கிறீங்க. சரி, அந்த 40 ரூபா எங்க போகுது எண்டு பாப்பம். பரிசுக்கு ஒரு பங்கு. விக்கிறவருக்கும் அவருக்கு மேல இருக்கிற முகவருக்கும் ஒரு பங்கு. அச்சடிக்க, விளம்பரம் போட, கந்தோர் நடத்த ஒரு பங்கு. மிச்சம் அரசாங்கத்துக்கு. நீங்க வெண்டாலும் அவங்களுக்குப் பங்கு இருக்கு, தோத்தாலும் இருக்கு. இந்த விளையாட்டில ஒரு நாளும் தோக்காத ஆள் ஒண்டுதான். அது டிக்கெட் எடுக்கிற ஆள் இல்ல.

இது நேத்து முளைச்ச சங்கதியும் இல்ல. 1955ல ஆஸ்பத்திரிகளுக்குக் காசு சேர்க்க எண்டு ஒரு லொத்தர் தொடங்கினாங்க. அந்தக் காலத்துச் சனம் அதை சுவீப் எண்டு சொல்லும். 1963ல நிதிச் சட்டம் ஒண்டு வந்து தேசிய லொத்தர் சபை உண்டாச்சு. நீங்க எடுக்கிற மகாஜன சம்பத, கொவிசெத எல்லாம் அந்தக் கடைச் சரக்கு. மறுகா அபிவிருத்தி லொத்தர் எண்டு இன்னொண்டு. அதுக்குச் சபை அமைச்சுச் சட்டம் போட்டது 1997ல. லக்ன வாசனா, சனிதா, கப்ருக எல்லாம் அவங்கட; அதையும் நீங்க விட்டு வைக்கிறதில்ல. முந்தி கிழமைக்கு ஒருக்கா சீட்டிழுப்பு எண்டால் ஒருக்கா ஏமாந்துபோட்டு ஆறு நாள் ஓய்வாய் இருக்கலாம். இப்ப ஏமாறுறதுக்கு லீவு நாளே இல்ல. ஒவ்வொரு ராத்திரியும் டி.வி.யில ஏதோவொரு பந்து உருளுது.

அபிவிருத்திக் காசு ஜனாதிபதி நிதியத்துக்குப் போகுது. இதயம் பழுதாகி, சிறுநீரகம் பழுதாகி ஒப்பரேசனுக்கு வழியில்லாத சனத்துக்கு அதில இருந்து உதவி குடுக்கிறாங்க. அந்தப் பக்கத்துக் காசில ஒரு பங்கு மகாபொல புலமைப் பரிசிலுக்கும் போகுது. 1981ல மந்திரி லலித் அத்துலத்முதலி தொடங்கி வச்ச நிதியம். வந்தாறுமூலை கம்பஸ் இங்கயிருந்து எட்டிப் பாக்கிற தூரம். ஒருக்காப் போய் கென்டீன்ல பாருங்க. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருக்கிற பிள்ளையள் பாதிப் பேருக்கு நீங்கதான் படிப்புச் செலவு குடுக்கிற தகப்பன் மாதிரி. ஓ.எல். கணக்கில மூணு தரம் குண்டடிச்ச மருமகன் இண்டைக்குக் கம்பஸ் பிள்ளையளைப் படிப்பிக்கிறார்! கேக்க எனக்குப் பெருமையாத்தான் இருக்கு.

கணக்கு எண்டு சொன்னதும் முகத்தைச் சுழிக்காதீங்க. இந்தக் கணக்கை நான் வெத்திலைக் காம்பாலயே போட்டுக் காட்டுறன். மகாஜன சம்பத டிக்கெட்டில என்ன இருக்கு? ஒரு இங்கிலீசு எழுத்து, பக்கத்தில ஆறு இலக்கம். ராத்திரி விழுற எழுத்தும் ஆறு இலக்கமும் வரிசை மாறாமப் பொருந்தினால் சுப்பர் பரிசு. ஆறு இலக்கம் எத்தனை விதமா வரும்? ஆறு பூச்சியத்தில இருந்து ஆறு ஒம்பது வரைக்கும், 10 இலட்சம் விதம். எழுத்து 26. பெருக்குங்க. 2 கோடியே 60 இலட்சம். இலங்கையில இருக்கிற சனம் மொத்தம் 2 கோடியே சொச்சம். தொட்டிலில கிடக்கிற பிள்ளை, சாகக் கிடக்கிற கிழவன், துறவி, மந்திரி எல்லாருக்கும் ஆளுக்கொரு இலக்கம் வேற வேறயாக் குடுத்து முடிச்சாலும் இன்னும் நாப்பது இலட்சத்துக்குக் கிட்ட மிஞ்சும். வெண்ட இலக்கம் அந்த மிச்சத்தில கிடக்கவும் கூடும். அப்ப ஒருத்தருக்கும் விழாது. பரிசு ஏறி அடுத்த தரத்துக்குப் போகும். நீங்க அதைப் பாத்து "மாமா, தொகை ஏறிட்டு" எண்டு ரெண்டு டிக்கெட் எடுக்கிறீங்க. தொகைதான் ஏறினது மருமகன். 2 கோடியே 60 இலட்சம் ஒரு சதமும் இறங்கல்ல.

நாளைக்கு ஒரு டிக்கெட் எடுத்தால் அந்த 2 கோடியே 60 இலட்சத்தை முடிக்க எழுபத்தோராயிரம் வருசம் ஆகும். கிழமைக்கு ஒண்டு எண்டால் 5 இலட்சம் வருசம். உங்கட பரம்பரையில ஆயுள் கெட்டி எண்டது எனக்குத் தெரியும். ஆனாலும் அவ்வளவு கெட்டியில்ல.

இதில சபைக்காரர் உங்களவிட மனசு தெரிஞ்சவங்க. ஒண்டுமே விழாட்டி ஒரு மாசத்தில விட்டிருவீங்க எண்டு அவங்களுக்குத் தெரியும். அதனால எழுத்து மட்டும் பொருந்தினாலும் டிக்கெட் விலையளவுக்குக் காசு தருவாங்க. 26 எழுத்தில ஒண்டு. சராசரியா 26 டிக்கெட்டுக்கு ஒருக்கா. 1,040 ரூபா போய் 40 ரூபா வருது. அந்த நாளில உங்கட நடையைப் பாக்க வேணும்! மாவடிவேம்பு வரைக்கும் கேக்கிற சத்தத்தில "எனக்கு விழுந்திட்டு". விழுந்த 40 ரூபாயைக் கையில வாங்கினீங்களா? இல்ல. அதுக்கும் இன்னொரு டிக்கெட். லொத்தர்க்காரர்ட பெட்டியில இருந்து காசு வெளிய வந்து உங்கட சேர்ட் பொக்கெட்டைக் கண்டதாச் சரித்திரம் இல்ல.

மற்றது இந்த "ஒரு இலக்கத்தில தப்பிட்டு" கதை. 7 விழ வேண்டிய இடத்தில 8 விழுந்தது எண்டு அண்டைக்கு முழுக்கச் சோறு தின்னல்ல. பந்துக்கு 7 எங்க, 8 எங்க எண்டு தெரியுமா? கிட்ட வந்து போறதுக்கு அது என்ன பஸ்ஸா? அரை இலட்சம் தூரத்தில தோத்தாலும் ஒரு இலக்கத்தில தோத்தாலும் சுப்பர் பரிசுக்கு உங்களிட்ட ஒரே மரியாதைதான்.

உங்கட சிநேகிதன் லக்ன வாசனா எடுக்கிறான். அதில ராசி ஒண்டு, இலக்கம் நாலு. சாத்திரியார் அவனுக்கு இது நல்ல காலம் எண்டு சொன்னவராம். பன்னிரண்டு ராசியில ஒண்டு ஒவ்வொரு தரமும் விழத்தான் வேணும். அண்டைக்கு அந்த ராசியில பிறந்த இலட்சக்கணக்கான சனத்துக்கும் நல்ல காலமா? சாத்திரியாருக்கு இலக்கம் தெரிஞ்சிருந்தால் 200 ரூபா தட்சணைக்கு வெயிலில குந்திக்கொண்டு இருப்பாரா எண்டு அவன் ஒருக்காவும் கேக்கல்ல. நீங்க சாத்திரத்தில இல்ல, நேர்த்தியில போறீங்க. ஆவணித் திருவிழாவில, மயில்கட்டுக்கு வந்த சனத்துக்குள்ள பூந்து, சித்திரவேலாயுதருக்கு முன்னால டிக்கெட்டை மடிச்சு வச்சுக் கும்பிட்டதை நான் கண்டன். நல்ல இடத்திலதான் கேட்டீங்க. ஒரு மாம்பழப் போட்டியில உலகத்தைச் சுத்திக் களைச்சு வந்து, பரிசை அண்ணன்காரன் கொண்டு போனதைப் பாத்துக்கொண்டு நிண்ட சாமியிட்டயா முதல் பரிசு கேக்கிறது? அவர் வென்றிருந்தால் பழனிக்குப் போயிருக்க மாட்டார்.

இதெல்லாம் கேட்டதும் சொல்லுவீங்க, "வேளாண்மையும் லொத்தர் தானே மாமா" எண்டு. நல்ல கேள்வி, இதுக்குத்தான் உங்களை எனக்குப் பிடிக்கும். ஓம், பெரும்போகத்தில ஆறு பெருகி வந்தால் வட்டையே தண்ணிக்குள்ள. 2021ல யூரியாவை நிப்பாட்டினாங்க, கதிர் பதராப் போச்சு. ஆனா வேளாண்மை தோத்தால் வைக்கோலாவது மிஞ்சும், மாட்டுக்குப் போடலாம். தோத்த டிக்கெட்டை மாட்டுக்குக் காட்டினன், அது முகத்தைத் திருப்பிப் போட்டு.

உங்கட மாமி சீட்டுக் கட்டுறா. பத்துப் பொம்பிளையள், மாசம் ஆளுக்கு அஞ்சாயிரம். பத்து மாசத்தில ஒருக்கா எப்படியும் அவட கையில 50,000 விழும். பிந்தலாம், முந்தலாம், விழாம இருக்காது. அவ அதைப் பத்தி ஊருக்குச் சொல்றதும் இல்ல, கனவு காணுறதும் இல்ல. கூரைத் தகடு மாத்தினது அந்தக் காசிலதான்.

விலையிலயும் உங்கட விசுவாசத்தை நான் மெச்ச வேணும். 2017 தொடக்கத்தில 20 ரூபா டிக்கெட்டை 30 ஆக்கிப் பாத்தாங்க. விக்கிறவங்க எடுக்க மாட்டம் எண்டு நிண்டாங்க, யாவாரம் படுத்தது, மறுகா 20க்கே இறக்கினாங்க. 2023 ஜூலையில 40 ஆக்கினாங்க. இந்த முறை ஒருத்தரும் இறக்கச் சொல்லல்ல. பாணுக்கு விலை ஏறினால் சந்தியில நிண்டு அரசாங்கத்தைத் திட்டுற வாய், டிக்கெட் இரட்டிப்பு விலையானதுக்கு ஒரு சொல் சொல்லல்ல. நாளைக்கு ஒண்டு எண்டால் வருசத்துக்கு 14,600 ரூபா மருமகன்.

இது நம்மட ஊர்ப் பைத்தியம் எண்டும் நினைக்காதீங்க. லண்டன்ல 1994ல தொடங்கின லொத்தர்ல 49 பந்தில ஆறு பொருந்த வேணும். ஒரு கோடியே 39 இலட்சத்தில ஒருத்தருக்கு அந்தப் பாக்கியம். 2015ல பத்துப் பந்தைக் கூட்டி 59 ஆக்கினாங்க. நாலரைக் கோடியில ஒண்டாப் போச்சு. சனம் தொடர்ந்து வாங்குது. தமிழ்நாட்டில ஜெயலலிதா 2003ல லொத்தரைத் தடை செய்தார். பக்கத்துக் கேரளத்தில அரசாங்கமே விக்குது; 2022ல அங்க ஓணத்துக்கு விட்ட டிக்கெட்டில 25 கோடி இந்திய ரூபா ஒரு ஆட்டோக்காரருக்கு விழுந்தது. ஒரு கிழமை போகல்ல, உதவி கேட்டு வந்த சனத்துக்குப் பயந்து மனுசன் சொந்த வீட்டில இருக்க ஏலாம வீடு வீடா ஒளிச்சுத் திரிஞ்சார். விழுந்திராட்டி நல்லம் எண்டு அவரே சொன்னார். உங்களுக்கு விழுந்தால் முதல் ஆளா நான்தான் வருவன், இப்பவே சொல்லி வைக்கிறன். கமத்துக்கு ஒரு டிராக்டர் வேணும்.

ஆகையால, விழுந்தால் என்ன செய்யிறது எண்டும் கேட்டு வைங்க. டிக்கெட்டுக்குப் பின்னால பேரையும் அடையாள அட்டை இலக்கத்தையும் எழுதிக் கையெழுத்து வைங்க. எழுதாத டிக்கெட் கையில வச்சிருக்கிறவன்ட டிக்கெட். கிழிக்காதீங்க, மழையில நனைக்காதீங்க, சரத்தோட துவைக்கப் போடாதீங்க. திகதியைப் பாருங்க, ஆறு மாசத்துக்குள்ள கேக்காட்டிப் பரிசு செத்துப் போகும். சின்னப் பரிசை விக்கிறவரே தருவார், பெரிசுக்குக் கொழும்புக்குப் போக வேணும். 5 இலட்சத்துக்கு மேல போனால் நூத்துக்கு 14 வரி கழிப்பாங்க. நான் சொன்னன் தானே, உங்களிட்ட அவங்களுக்கு எப்பவும் பாசம். முடிவுத் தாளை நீங்களே பாருங்க, டிக்கெட்டைப் பிறத்தியான்ட கையில குடுத்துப் பாக்கச் சொல்லாதீங்க. எடுக்காத டிக்கெட்டுக்குப் பரிசு விழுந்திருக்கு, முதலில கட்டணம் போடுங்க எண்டு போனுக்கு மெசேஜ் வந்தால் அது கள்ளன். எடுத்த டிக்கெட்டுக்கே விழாத உங்களுக்கு எடுக்காததுக்கு எப்படி விழும் எண்டு ஒரு நிமிசம் யோசிங்க.

எடுக்க வேணாம் எண்டு நான் சொல்ல மாட்டன். சந்தியில விக்கிற மனுசனுக்குக் கால் ஏலாது; அவருக்கும் அடுப்பெரிய வேணும். கிழமைக்கு ஒண்டு எடுங்க, சனிக்கிழமை ராத்திரி வரைக்கும் டிராக்டர் வாங்குங்க, வீடு கட்டுங்க, எனக்கும் ஒரு அறை வைங்க. 40 ரூபாய்க்கு இது மலிவு. ஆனா நூறு ரூபாத் தாளை நீட்டினால் "மிச்சத்துக்கும் ஒண்டு தரட்டா" எண்டு அவர் கேப்பார். வேணாம் எண்டு சொல்லி அந்த 60 ரூபாயைக் கையில வாங்குங்க.