மைக்ரோவேவ் திணையியல்: ஈப்போ வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

சங்க காலத்து அடுப்பைப் பற்றிப் பேசச் சொன்னால் இரண்டு நாள் கருத்தரங்கு நடத்த ஆள் இருக்கிறது. ஈப்போ தாமான் வீடுகளில் ஐஸ்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு வேளைக்கு வேளை மணியடிக்கும் மைக்ரோவேவைப் பற்றி எழுதத்தான் யாரும் முன்வருவதில்லை. அந்தக் குறையைப் போக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். ஆய்வெல்லை: வடக்கே சுங்கை சிப்புட், தெற்கே தாப்பா, கிழக்கே தித்திவங்சா மலைத்தொடர். மேற்கே கடல்வரை போயிருக்க வேண்டும். பெட்ரோல் காசை உத்தேசித்துப் பத்து காஜாவோடு நின்றுகொண்டோம்.

மூலபாடமாக நாம் எடுத்துக்கொள்வது, புந்தோங்கில் இருக்கும் எங்கள் அத்தை என் மனைவியைப் பார்த்து அருளிய வாசகம். "அடுப்பே பத்த வைக்காம டப்பாவ உள்ள வெச்சிப் பட்டன அமுக்குறதெல்லாம் ஒரு சமையலாம்மா? நாங்கல்லாம் தோட்டத்துல இப்படியா ஆக்கிப் போட்டோம்?" இதற்குப் பாடபேதம் உண்டு. மாமா வழிவரும் பிரதியில் 'சமையலா' என்ற இடத்தில் 'பொழப்பா' என்று காணப்படுகிறது. இரண்டில் எது மூத்த பாடம் என்பதில் மாமா கருத்துச் சொல்ல மறுத்துவிட்டார்.

முதலில் கருவி வரலாறு. அமெரிக்காவில் ரேதியான் நிறுவனத்தில் ரேடார் வேலை பார்த்துக்கொண்டிருந்த பெர்சி ஸ்பென்சரின் சட்டைப்பையில் சாக்லேட் உருகியது என்றும், அடுத்து அவர் சோளத்தைப் பொரித்துப் பார்த்தார் என்றும், அதற்கடுத்து ஒரு முட்டை பக்கத்தில் நின்றவர் முகத்தில் வெடித்தது என்றும் சொல்வார்கள். 1945 அக்டோபரில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே ஆண்டில்தான் பேராக்கில் ஜப்பான்காரன் ஆட்சி முடிந்தது. சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனவர்களில் மிஞ்சியவர்கள் தோட்டம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். லயத்து அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. 1947-இல் விற்பனைக்கு வந்த முதல் மைக்ரோவேவ் ஓர் ஆள் உயரமும் ஏறத்தாழ 340 கிலோ எடையும் கொண்டது. லயத்து வீட்டுக்குள் அதை வைத்திருந்தால் குடும்பம் வெளியே படுத்திருக்கும்.

இனிப் பொருட்பாகுபாடு. கட்டுரையின் உயிர்நாடி இதுதான் என்பதால் வாசகர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

ஐஸ்பெட்டியின் மேல்தட்டு குறிஞ்சி. பெரும்பொழுது கூதிரும் முன்பனியும்; அங்கே ஆண்டு முழுக்க அதுதான். சிறுபொழுது யாமம்: நள்ளிரவில் ஐஸ்கிரீம் தேடி வருகிறவர்தான் அதைத் திறப்பார், திறந்தால் அந்த ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் நெத்திலி இருக்கும். உரிப்பொருள் புணர்தல். நடுவில் பிளாஸ்டிக் தாள் வைக்காமல் அடுக்கிய ரொட்டி சானாய்கள் கத்தி வைத்தாலும் பிரியாமல் ஒன்றிக் கிடப்பதைக் கண்டவர்கள் இதற்குச் சான்று கேட்கமாட்டார்கள். கீழ்த்தட்டு முல்லை, உரிப்பொருள் இருத்தல். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பு செவ்வாய்வரை ஆற்றியிருப்பது இங்கேதான். பாதி எலுமிச்சை, வாய் திறந்த சந்தான் பெட்டி, யார் கொடுத்ததென்று தெரியாத ஊறுகாய் ஆகியவை கருப்பொருள்.

முல்லையும் குறிஞ்சியும் வெப்பத்தால் தம் இயல்பு திரிந்தால் பாலை பிறக்கும் என்பது இளங்கோவடிகள் கருத்து. மைக்ரோவேவை இதைவிடச் சுருக்கமாக யாராலும் விளக்க முடியாது. இங்கே உரிப்பொருள் பிரிதல். குழம்பிலிருக்கும் தேங்காய்ப்பால் ஓரத்தில் கொதித்துத் திரிந்து, எண்ணெய் ஒரு பக்கமும் தண்ணீர் ஒரு பக்கமுமாகப் போகிறது. ஆனால் நடுவில் ஒரு பனிக்கட்டி உருகாமலே நிற்கிறது. பாலைக்குள் குறிஞ்சி! இத்திணை மயக்கத்துக்கு இயற்பியலில் உரை உண்டு. இந்தப் பெட்டியின் அலை 2,450 மெகாஹெர்ட்ஸ். ஓர் அலையின் நீளம் சுமார் 12 சென்டிமீட்டர். சுவரில் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றோடொன்று மோதிச் சில இடங்களில் வலுத்தும் சில இடங்களில் ஓய்ந்தும் போகின்றன. அதைச் சரிக்கட்டத்தான் தட்டு சுற்றுகிறது. சுற்றியும் நடுப்பகுதிக்குப் பலன் குறைவு. சதுர டப்பாவில் மூலைகள் முதலில் காயும். ஆகவே வட்ட டப்பா, நடுவில் பள்ளம் பறித்த சோறு, பாதியில் ஒரு கிண்டல், வெளியே எடுத்தபின் மூடியோடு இரண்டு நிமிடம். மருமகள்கள் இதையெல்லாம் அலையின் நீளம் தெரியாமலே செய்துவருகிறார்கள்.

எஞ்சிய திணைகளில் சாப்பாட்டு மேசை மருதம், உரிப்பொருள் ஊடல் ("இன்னிக்கும் இதானா?"). கழுவும் தொட்டி நெய்தல்; அங்கே கேட்பது இரங்கல் ஒலி. மஞ்சளின் நிறம் எண்ணெயில் கரையும், தண்ணீரில் கரையாது; குழம்புச் சூட்டில் அது பிளாஸ்டிக்குக்குள்ளேயே புகுந்துகொள்வதால் எத்தனை சோப்புப் போட்டாலும் டப்பா தைப்பூசக் காவடி நிறத்திலேயே இருக்கும். வெயிலில் ஒருநாள் காயவைத்தால் வெளுக்கும். ஈப்போவில் பிற்பகல் மழைக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும்.

இந்த இடத்தில் பேராக்கின் பொருளாதாரம் குறுக்கிடுகிறது. கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் வாழ்ந்தது. டப்பிகளுக்கு முலாம் பூச உலகம் வாங்கியது அந்த உலோகத்தை. 1985-இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடின. இன்று மைக்ரோவேவுக்குள் விடக்கூடாத பொருள்களில் முதலிடம் டின்னுக்குத்தான். விட்டால் பொறி பறக்கும். ரப்பரின் கதை இதற்கு நேர்மாறு. கோலகங்சாரில் 1877-இல் நட்ட கன்றுகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவி, பிறகு செம்பனைக்கு இடம்விட்டுப் போன ரப்பர், உறைந்த ரொட்டி சானாயை ஒரு நிமிடம் கூடுதலாகச் சுடவைக்கும் வீடுகளில் தினமும் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. சவச்சவ என்று இழுபடும் அந்த ரொட்டிக்கு உளி ஒன்றுதான் குறை.

இனி மூலபாடத்தின் இரண்டாம் வாக்கியம்: தோட்டத்தில் இப்படியா ஆக்கிப் போட்டோம்?

இப்படித்தான் ஆக்கிப் போட்டார்கள் என்பது நமது முடிபு. மரத்தில் பால் நன்றாக ஒழுகுவது வெயில் ஏறுவதற்கு முன்தான். அதற்காக இருட்டோடு பெரட்டுக்கு நிற்க வேண்டும்; பெரட்டுக்கு முன் பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட வேண்டும்; அதற்கும் முன் எல்லாருக்கும் பசியாற ஏதாவது செய்து, தூக்கில் சோறும் கட்டிக்கொள்ள வேண்டும். ஈர ரப்பர் விறகோடு மல்லுக்கட்டிக்கொண்டு இதைச் செய்த பெண் அந்நேரத்தில் அம்மியில் மல்லி அரைத்திருப்பாள் என்று நம்புகிறவர்கள் ஆய்வுத்துறைக்கு வராமல் இருப்பது நல்லது. அம்மி இருந்தது, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கும் தீபாவளிக்கும் இருந்தது. வார நாளில் கைகொடுத்தது கடைப் பற்றில் வாங்கிய மசாலாத்தூளும் கருவாடும் சார்டின் டின்னும்தான். கோழிப்படம் போட்ட டின்னின் மூலக் கம்பெனியை அல்ஃபிரட் குளூவே என்ற பிரெஞ்சுக்காரர் சிங்கப்பூரில் 1892-இலேயே தொடங்கிவிட்டார். தோட்டத்து அடுக்களைக்கு அவர் செய்த உபகாரம் இன்னும் முறையாகப் பாராட்டப்படவில்லை. வெங்காயம் வதக்கி, தூள் போட்டு, புளி கரைத்துவிட்டு, டின்னைக் கவிழ்த்தால் குழம்பு. பால் டின் காலியானால் அரிசி அளக்கும் படி. கயிறு கட்டினால் கோப்பி வாங்கிவரும் பாத்திரம். ஐஸ்கிரீம் டப்பாவை யாரும் கேலி செய்வதற்கு முன் இந்தப் பரம்பரையை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அப்போது மைக்ரோவேவ் இல்லாததற்குக் கொள்கை காரணமில்லை, கரண்டுதான் காரணம். பல தோட்டங்களில் ஜெனரேட்டர் இரவில் சில மணி நேரம் ஓடும், நின்றுவிடும். தொழிலாளர் வீடுகளுக்குத் தண்ணீரும் மின்சாரமும் தரவேண்டும் என்று 1990-இல் சட்டம் வந்தபோது, சனங்களில் பாதிப்பேர் புந்தோங்குக்கும் தாமான்களுக்கும் வந்துவிட்டிருந்தார்கள். மகள்கள் ஷிப்டுக்குப் பேக்டரி பஸ் ஏறினார்கள். பெரட்டின் இடத்தில் பஸ் வந்தது; அவசரம் அப்படியே இருந்தது. அத்தை விறகடுப்பில் செய்த சுருக்குவழிக்குப் பெயர் கெட்டிக்காரத்தனம் என்றால், மருமகளின் பட்டனுக்கு வேறு பெயர் வைப்பது ஆய்வு நேர்மை ஆகாது.

மறுதரப்பையும் சொல்லிவிடுவோம். தாளிப்பில் அத்தைதான் சரி. மைக்ரோவேவ் பெரும்பாலும் பொருளிலிருக்கும் தண்ணீரைச் சூடாக்குகிறது. தண்ணீர் நூறு பாகையில் ஆவியாகிவிடும். வெங்காயம் சிவக்க 140-ஐத் தாண்ட வேண்டும். கடுகில் ஈரமும் குறைவு, எண்ணெயும் அந்த அலையை அதிகம் வாங்காது. எனவே கடுகு வெடிக்காமல் உள்ளே கிடந்து யோசிக்கிறது. அப்பளம் மட்டும் இதற்கு விலக்கு. எண்ணெயே இல்லாமல் அரை நிமிடத்துக்குச் சற்று மேல் வைத்தால் சுட்ட அப்பளம்போல் எழும்பிவிடும்.

மூடிக் கோட்பாடு என்று ஓர் இயலும் எழுதத் திட்டமிருந்தது. எந்த வீட்டிலும் டப்பாக்கள் பெருகுகின்றன, மூடிகள் குறைகின்றன. திறந்த இல்ல உபசரிப்பில் விருந்தாளிகள் தப்பாவ் கட்டிக்கொண்டு போவதால் டப்பாவும் மூடியும் சேர்ந்தே குறைய வேண்டும். டப்பா திரும்பி வருகிறது, வெறுமனே தரக்கூடாது என்று உள்ளே ஓமப்பொடியோ கச்சான் பூத்தேயோ போட்டு, பிளாஸ்டிக் பை சுற்றி. மூடி வருவதில்லை. அந்த மூடிகள் எங்கே சேர்கின்றன என்பதற்குக் களச்சான்று கிடைக்காததால் அவ்வியலை ஒத்திவைத்தோம்.

இறுதியாகப் பரிசோதனை. ஜாலான் லகாட் லிட்டில் இந்தியாவில் வாங்கிய மீன் மசாலாத்தூள். நறுக்கிய வெங்காயமும் எண்ணெயும் வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று நிமிடம். தூளும் தக்காளியும் கொஞ்சம் புளியும் சேர்த்து மறுபடி இரண்டு. டின்னிலிருந்து கொட்டிய சார்டினோடு இன்னும் இரண்டு. கடுகும் கறிவேப்பிலையும் கேஸ் அடுப்பில் தனியாகத் தாளித்து மேலே ஊற்றப்பட்டன. புறத்தேர்வாளராக அத்தை அழைக்கப்பட்டார். வாய்மொழித் தேர்வில் அவர் எழுப்பிய வினாக்கள் இரண்டு: உப்பு எங்கே, புளி ஏன் இவ்வளவு. சமையல் முறை குறித்துக் கேள்வி வரவில்லை. மீதியை மாமாவுக்கு எடுத்துப்போக டப்பா ஒன்று கேட்டார். மூடியில்லாத டப்பாதான் இருக்கிறது என்று மருமகள் தயங்க, "பரவால்லலா, டப்பாவ மட்டும் குடும்மா. மூடி எங்க வீட்ல நெறைய கெடக்கு" என்றார்.