செயலி ஐயம்: ஓர் ஆய்வுரை

கணினியில் விளையாடும் ஒருவர், அதன் கணக்கீடுகளையெல்லாம் செய்யும் சில்லாகிய ப்ராசசரை, அதாவது செயலியை, மாற்றலாமா என்று எண்ணத் தொடங்கும் பொழுதுக்கும், புதிய செயலி கூரியரில் வந்து சேரும் பொழுதுக்கும் இடைப்பட்ட மனநிலை இங்குச் ‘செயலி ஐயம்’ என வழங்கப்படும். இவ்வையம் ‘வேண்டாம்’ என்னும் தெளிவில் முடிவதும் உண்டு என்பாரும் உளர். அவ்வாறு முடித்தவர் எவரும் ஆய்வுக்குக் கிடைத்திலர்.

ஐயத்தின் தோற்றுவாய் ஃப்ரேம் ஆகும். ஃப்ரேமாவது திரையில் தோன்றி மறையும் ஒற்றை அசையாப் படம். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுவோர்க்கு ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 16.7 மில்லிநொடி கிடைக்கும்; 144 வேண்டுவோர்க்கு 7 மில்லிநொடியும் முழுதாகக் கிடைக்காது. அதற்குள், எதிரி எங்கே நிற்கிறான், குண்டு எங்கே பாய்கிறது என்று செயலி கணக்கிட்டு ஆணையிட, கிராபிக்ஸ் கார்டு அதனைப் படமாக வரைந்து தர வேண்டும். இவ்விரண்டனுள் பிந்துவது எதுவோ அதுவே ‘பாட்டில்நெக்’ என்னும் பழியைச் சுமக்கும். பழிக்குரியது எதுவெனக் காணும் வழி எளிது: ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி எண்ணிக்கையை, குறைத்து விளையாடிப் பார்த்து, ஃப்ரேம்கள் கூடினால் கார்டையும், கூடாவிடில் பெரும்பாலும் செயலியையும் குற்றவாளியாகக் கொள்ளலாம். இச்சோதனைக்குச் செலவில்லை; நேரமும் அதிகம் பிடிக்காது; ஐயமும் அன்றே தீர்ந்துவிடும். ஆகவேதான் இதனை நாடுவோர் அரியர்.

அவர்கள் நாடுவது வரைபடங்களையே. செயலிகளை மதிப்பிடுவோர், வேறுபாடு தெளிவாகத் தெரியும்பொருட்டு, சந்தையிலுள்ள மிக வலிய கார்டைப் பொருத்தி, 1080பி என்னும் தாழ்ந்த ரெசல்யூஷனில் அளப்பர், அம்முறையில் பிழையில்லை. அவ்வரைபடத்தை, 4கே என்னும் உயர்ந்த ரெசல்யூஷன் திரையும் பழங்கார்டும் உடைய ஒருவர் நள்ளிரவில் உற்று நோக்கி, தமக்கும் அவ்வளவு கூடுமென நம்புவதே ஐயத்தின் முதிர்நிலை.

ஏஎம்டி நிறுவனத்தின் ஏஎம்4 சாக்கெட் தனித்து ஆராயத்தக்கது. சாக்கெட்டாவது கணினியின் தாய்ப்பலகையாகிய மதர்போர்டில் செயலி அமரும் இருக்கை. 2016இல் அறிமுகமான அவ்விருக்கையில் 2019ஆம் ஆண்டின் ரைசன் 5 3600 அமைதியாக அமர்ந்திருக்க, 2022இல் ரைசன் 7 5800எக்ஸ்3டி வந்தது. இதன் கடிகார வேகம் தன் உடன்பிறப்பான 5800எக்ஸைவிடக் குறைவு. எனினும் கேஷ் எனப்படும், செயலிக்குள்ளேயே அமைந்த சிறு நினைவகத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி 32 மெகாபைட்டிலிருந்து 96க்கு உயர்த்தியமையால், கணினியின் முதன்மை நினைவகமாகிய ரேமுக்கு அடிக்கடி சென்று மீளும் அலைச்சல் குறைந்து, விளையாட்டுகளில் பெரும்பாலும் அதுவே முந்தியது. பழைய மதர்போர்டுகள் பலவும், பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருளைப் புதுப்பித்த அளவிலேயே இதனை ஏற்றன. இது வாடிக்கையாளர்க்குச் செய்த பேருதவி என்பர். அது பொருந்தாது, எங்ஙனமெனின், ‘மதர்போர்டையும் மாற்ற வேண்டுமே’ என்று சொல்லித் தப்பிக்க இருந்த ஒரே வழியை அது அடைத்துவிட்டது ஆகலின். இன்டெல் இவ்வகையில் இரக்கமுடையது: 2017இல் வந்த அதன் எட்டாம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள், முந்தையவற்றைப் போலவே 1151 தொடுபுள்ளிகள் உடையனவாயினும், முந்தைய மதர்போர்டுகளில் இயங்க மறுத்தன.

அடுத்த தலைமுறை வரட்டும் என்று காத்திருப்போர் வேறொரு கொள்கையினர். 2022 செப்டம்பரில் வந்த ஏஎம்5 சாக்கெட், டிடிஆர்5 வகை ரேமை மட்டுமே ஏற்பதாகலின், அதற்கு மாறியோர் செயலியோடு மதர்போர்டையும் ரேமையும் சேர்த்தே வாங்க நேர்ந்தது. இவ்வளவையும் வாங்கிவிட்டு, வீட்டாரிடம் அதனைச் ‘செயலி மாற்றம்’ என்று மட்டும் கூறுதல் இடக்கரடக்கலின்பாற்படும்.

கழற்றிய செயலி பற்றியும் சிறிது கூற வேண்டும். நன்றாக இயங்கும் பொருளை வீணாக்குதல் முறையன்று எனக் கருதி, அதற்கென ஒரு மதர்போர்டும், பின்னர் ரேமும், எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கியும், கேபினெட்டும் வாங்கப்படும். 3600இல் உள்ளமைந்த கிராபிக்ஸ் இல்லையாதலின் கார்டு ஒன்றும் வேண்டும். அவ்விரண்டாம் கணினிக்குப் புதிய கார்டு வாங்குவதா, அல்லது இருப்பதை அதற்குக் கொடுத்துவிட்டு முதற்கணினிக்குப் புதியது வாங்குவதா என்பது தனி நூலாக எழுதற்குரியது. ஈண்டு விரிப்பிற் பெருகும்.